தண்டவாளத்துக்கு ஓர் எண் இருக்கிறது, தார்ச்சாலைக்கு ஏன் இல்லை?

பெறுநர்
தலைமைச் செயலாளர் அவர்கள்,
தலைவர், மாநிலச் செயற்குழு (பேரிடர் மேலாண்மை),
தமிழ்நாடு அரசு, தலைமைச் செயலகம், சென்னை.

பொருள்: கோடை வெப்பத்திலிருந்து சாலைகள், பாலங்கள், பேருந்து நிறுத்தங்கள், ரயில் பாதைகளைக் காக்க விதி வகுக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய தலைமைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

என் அப்பா ரயில்வேயில் கேங்மேன். ஜோலார்பேட்டைப் பக்கம் பாதை வேலை. கோடை விடுமுறையில் அவருக்குச் சோறு எடுத்துக்கொண்டு போகும்போது, மேட் (கேங்மேன்களின் தலைவர்) அறை வாசலில் வெயிலில் கிடக்கும் ஒரு தண்டவாளத் துண்டைப் பார்ப்பேன். அதன் தலையில் துளை போட்டு, பாதரசம் ஊற்றி, வெப்பமானியைச் செருகி அடைத்து வைத்திருப்பார்கள். பாதையில் கிடக்கும் இரும்புக்கு எவ்வளவு சூடு ஏறுகிறதோ அதே சூடு இந்தத் துண்டுக்கும் ஏறும். "காத்து எவ்ளோ சூடுன்னு ரேடியோ சொல்லிடும். இரும்பு எவ்ளோ சூடுன்னு இதுதான்டா சொல்லும்" என்பார் அப்பா. அந்த எண் ஓர் அளவைத் தாண்டிவிட்டால் தூக்குவாளி அப்படியே இருக்கும். அவர் பாதை பார்க்கப் போயிருப்பார்.

நான் அவர் வழியில் போகவில்லை. பாலிடெக்னிக் முடித்துவிட்டுச் சாலை வேலைக்குப் போனேன். தார் பிளான்ட், பேவர், ரோலர் என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒப்பந்ததாரர்களிடம் தள மேற்பார்வையாளனாக இருந்து இப்போது ஓய்ந்திருக்கிறேன். அத்தனை ஆண்டுகளில் நான் வேலை பார்த்த எந்தச் சாலையோரத்திலும் அப்பாவின் அந்த வெப்பமானியைப் போல ஒன்றைப் பார்த்ததில்லை. தார்க்கலவை லாரியில் வந்து இறங்கும்போது சூடு பார்ப்போம். ஆறிப்போயிருந்தால் திருப்பி அனுப்புவோம். போட்டு, உருட்டி, போக்குவரத்தைத் திறந்துவிட்ட பிறகு அந்தச் சாலை அடுத்தடுத்த கோடைகளை எப்படித் தாங்குகிறது என்று அளந்து சொல்லும்படி எந்த விதியும் எங்களைக் கேட்டதில்லை.

அந்த விதியைக் கேட்டுத்தான் இந்த மடல்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் உயிரிழப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் அறிவித்தது. வயல், செங்கல் சூளை, சாலை வேலை என்று வெயிலிலேயே வாழ்கிறவர்களை ஓர் அரசாணை நினைத்துப் பார்த்ததே எனக்குப் பெரிய ஆறுதல். ஆனால் அந்த அறிவிப்பும் அதைத் தொடர்ந்து நடப்பவையும் பெரும்பாலும் உடலைப் பற்றியவை. தண்ணீர்ப் பந்தல், உப்புச்சர்க்கரைக் கரைசல், மருத்துவமனையில் தனிப்படுக்கை. இவை வேண்டும். இவற்றோடு நிற்கக் கூடாது என்பதுதான் என் வாதம். ஏனென்றால் பேரிடர் என்று பெயர் வைத்தவுடன் இன்னொரு கடமையும் சேர்ந்தே வருகிறது. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் 40ஆவது பிரிவில், மாநில அரசின் ஒவ்வொரு துறையும் தனக்கென்று பேரிடர் மேலாண்மைத் திட்டம் வகுக்க வேண்டும் என்கிறது. அதே சட்டப்படி அமைந்த மாநிலச் செயற்குழுவுக்குத் தலைவர் நீங்கள்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் எங்கெல்லாம் பொக்லைன் நிற்க வேண்டும், எத்தனை மர அறுவை இயந்திரம், எத்தனை மணல் மூட்டை, எந்தப் பொறியாளர் எந்தத் தாலுகாவுக்குப் பொறுப்பு என்று பட்டியல் போடுகிறோம். நல்ல பழக்கம். கத்திரிக்கு முன்னால் என்ன பட்டியல் போடுகிறோம்?

ரயில் பாதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அது மத்திய அரசின் பொறுப்பு என்பது தெரியும். ஆனால் வெப்பத்தை எப்படி விதியாக எழுதலாம் என்பதற்கு நம் கண்முன் இருக்கும் ஆகச்சிறந்த பாடம் அதுதான்.

இரும்பு சூட்டில் நீளும் என்பது பள்ளிப் பாடம். எவ்வளவு நீளும் என்பதுதான் அசரவைக்கும். ஒரு கிலோமீட்டர் தண்டவாளத்துக்கு 30 டிகிரி சூடு கூடினால், தடையில்லாமல் விட்டால், ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் நீளும். அப்பா வேலைக்குச் சேர்ந்த காலத்தில் துண்டுத் தண்டவாளங்களுக்கு நடுவே இடைவெளி விட்டு, ஃபிஷ் பிளேட் என்ற இணைப்புத் தகடு போட்டு முடுக்கியிருப்பார்கள். ரயிலின் 'தடக் தடக்' ஓசை அந்த இடைவெளியில் சக்கரம் விழுந்து எழும் ஓசை. இப்போது தண்டவாளங்களை ஒட்டி ஒரே நீளமாக்கிவிட்டோம். பயணம் சுகமாகிவிட்டது, நீளுவதற்கு மட்டும் இடமில்லை. நீள முடியாத இரும்பு நெருக்கும். மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தில் சூடு ஒரு டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட 1.9 டன் நெருக்கம் கூடும். 20 டிகிரி ஏறினால் ஒவ்வொரு தண்டவாளத்திலும் 38 டன் அளவுக்கு. இத்தனையையும் இழுத்துப் பிடித்திருப்பவை தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் ஸ்லீப்பரும் அதைச் சுற்றிக் கொட்டிய ஜல்லியும். ஜல்லி தளர்ந்த இடத்தில், ஆள்களும் ஆடுமாடும் குறுக்கே நடந்து ஜல்லியின் ஓரம் சரிந்த இடத்தில், பாதை பக்கவாட்டில் பாம்புபோல நெளிந்துவிடும். தண்டவாளம் வெயிலில் உருகிவிட்டது என்று கோடைதோறும் ஏதாவது படம் பரவுகிறது. இரும்பு உருக ஆயிரம் டிகிரிக்கு மேல் வேண்டும். நெளிந்திருக்கிறது என்றால் வெயில் மட்டும் காரணமில்லை. வெயிலுக்கு முன்பே செய்திருக்க வேண்டிய பராமரிப்பு நடக்கவில்லை என்று பொருள்.

இதற்கு ரயில்வே என்ன செய்தது? நாட்டை வெப்ப மண்டலங்களாகப் பிரித்தது. தண்டவாளத்தில் இழுப்பும் இல்லாமல் நெருக்கமும் இல்லாமல் இருக்க வேண்டிய வெப்பநிலை எது என்று ஒவ்வோர் இடத்துக்கும் கணக்கிட்டு, அந்தச் சூட்டில் வைத்துத்தான் பாதையை முடுக்க வேண்டும் என்றது. அதற்கு மேல் 20 டிகிரி தாண்டினால் கோடை ரோந்து போக வேண்டும். ஜல்லியைக் கிளறும் வேலையை எந்தச் சூட்டுக்கு மேல் தொடக் கூடாது, கிளறிய இடம் இறுகும்வரை வண்டிகளை எந்த வேகத்தில் விட வேண்டும் என்பதெல்லாம் விதிநூலில் இருக்கிறது. பாதையை நடந்து பார்க்கும் கீமேனுக்கும் தெரியும், மேட்டுக்கும் தெரியும், பொறியாளருக்கும் தெரியும். காற்றைவிடத் தண்டவாளம் 20 டிகிரி வரை அதிகமாகச் சுடும் என்பதால் வானிலை அறிக்கையை நம்பாமல் இரும்பையே அளக்கிறார்கள். குறையே இல்லாத ஏற்பாடு என்று நான் சொல்லவில்லை. 42 டிகிரி வெயிலில் தனியாக நடக்கும் ரோந்துக்காரருக்கு நிழலும் தண்ணீரும் துணையும் போதுமான அளவில் இல்லை என்பது அப்பா காலத்துக் குறை மட்டுமல்ல. ஆனாலும் அங்கே ஓர் எண் இருக்கிறது. அந்த எண்ணைத் தாண்டினால் யாரோ ஒருவர் எழுந்து நடந்தாக வேண்டும்.

இப்போது சாலைக்கு வருகிறேன்.

தார் பார்க்கத்தான் கெட்டி. உண்மையில் அது மிக மிக மெதுவாக ஓடும் பாகு. சூடு ஏற ஏற அந்த ஓட்டம் கூடும். நம் சாலைகளில் பரவலாகப் பயன்படும் தார் வி.ஜி.30 என்ற தரம். இந்தியத் தர நிர்ணயப்படி அது இளகும் வெப்பநிலை குறைந்தது 47 டிகிரி இருந்தால் போதும். அதைவிடக் கெட்டியான வி.ஜி.40க்குக் குறைந்தது 50 டிகிரி. மே மாதப் பகலில் நிழலே இல்லாத கரிய சாலையின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். பிறகு எப்படிச் சாலை நிற்கிறது? ஜல்லியால் நிற்கிறது. ஒன்றோடொன்று பற்களைப்போலக் கோத்துக்கொண்ட கற்கள்தான் லாரியின் எடையைத் தாங்குகின்றன. தார் வெறும் பசை. பசை இளகும் நேரத்தில் கற்கள் நகரத் தொடங்கும். ஓடும் லாரி ஓர் இடத்தை அழுத்துவது நொடியின் சிறு பங்குதான். சிக்னலில் நிற்கும் லாரியோ ஒன்றரை நிமிடம் ஒரே இடத்தை அழுத்தும். அதனால்தான் சாலை முதலில் குழைவது சிக்னலில், பேருந்து நிறுத்தத்தில், சுங்கச்சாவடியில், தொப்பூர் கணவாய் போல வண்டிகள் முனகிக்கொண்டு ஏறும் மேட்டில். எங்கே உடையும் என்று முன்கூட்டியே தெரிந்த நோய் இது. தெரிந்தும் நடுச்சாலையில் போடும் அதே கலவையைத்தான் அந்த இடங்களிலும் போட்டுவிட்டு நகர்கிறோம்.

நானும் போட்டிருக்கிறேன். ஊரையும் நிறுவனத்தையும் சொல்ல விரும்பவில்லை. ஒரு நகரத்துப் பேருந்து நிலையத்துக்கு எதிரே மார்ச் மாதக் கடைசியில், நிதியாண்டு முடிவதற்குள் பில் போட வேண்டும் என்ற அவசரத்தில், பழைய தளத்தைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தளம் விரித்தோம். கத்திரி தொடங்கியபோது தார் மேலே மிதந்து வந்து கண்ணாடிபோல மின்னியது. கிரஷர் தூசியைத் தூவச் சொன்னார்கள்; தூவினோம். இரண்டே வாரத்தில் பேருந்துச் சக்கரம் நிற்கும் இடத்தில் இரண்டு வாய்க்கால்கள்போலத் தடம் விழுந்துவிட்டது. ஒரு நாள் காலை, பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த ஆசிரியை ஒருவரின் ஸ்கூட்டி அந்தத் தடத்தின் விளிம்பில் வழுக்கியது. கை எலும்பு முறிந்தது. காவல்துறைக் குறிப்பில் 'கவனக்குறைவாக வாகனம் ஓட்டியதால்' என்று எழுதியிருந்தார்கள். அவர் கவனமாகத்தான் ஓட்டினார். அந்தச் சாலையின் கோப்பில் என் கையெழுத்து இருக்கிறது. இன்றும் அது என்னை உறுத்துகிறது.

வெயிலின் வேலை தடம் விழுவதோடு முடிவதில்லை. கடுஞ்சூட்டில் தாரிலுள்ள எண்ணெய்ப்பசை காற்றோடு வினைபுரிந்து வற்றுகிறது. இளகி இளகி, கடைசியில் தார் வறண்டு முறுகிவிடுகிறது. மயிரிழை வெடிப்புகள் ஓடுகின்றன. கோடையில் அவற்றை யாரும் கவனிப்பதில்லை. ஐப்பசி மழை அந்த வெடிப்பில் இறங்கும். மேலே லாரி ஏறி இறங்கும்போதெல்லாம் உள்ளே தேங்கிய நீர் பம்பு அடித்ததுபோல ஜல்லியையும் தாரையும் பிரிக்கும். ஒரே வாரத்தில் பள்ளம். மழையைத் திட்டுகிறோம், மழைநீர் வடிகாலைத் திட்டுகிறோம். வடிகால் குறை உண்மைதான். ஆனால் ஐப்பசியில் நாம் ஏசும் பள்ளங்களில் பல சித்திரையிலேயே விழுந்துவிட்டவை. ஒட்டுப்போடும் செலவை வெள்ளச் சேதக் கணக்கில் எழுதுவதால் வெயிலின் பங்கு எந்தக் கணக்கிலும் வருவதில்லை. கணக்கில் வராததற்கு யார் திட்டம் போடுவார்கள்?

விதிநூல்கள் இல்லாமலில்லை. 1934 முதல் இயங்கும் இந்தியச் சாலைப் பேராயம் எல்லாவற்றுக்கும் நூல் வைத்திருக்கிறது. தார்ச்சாலை வடிவமைப்புக்கான அதன் 37ஆம் எண் விதிநூல், நம்மைப் போன்ற வெப்பப் பகுதிகளுக்குச் சாலைத் தளத்தின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 35 டிகிரி என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடச் சொல்கிறது. சராசரி என்பதைக் கவனியுங்கள். பங்குனி முதல் ஆனி வரை கரூர் பரமத்தியில், ஈரோட்டில், வேலூரில், திருத்தணியில் கிடக்கும் சாலைக்கும், காற்றோட்டமான தென்காசிச் சாலைக்கும் ஒரே சராசரி. கனரக வண்டிகள் மிகுந்த சாலைக்கு வி.ஜி.40, பாலிமர் கலந்த தார் என்று அதே பேராயம் பரிந்துரைக்கிறது. ஆனால் ஒரு நகராட்சியின் உதவிப் பொறியாளர் பேருந்து நிறுத்தத்துக்கு மட்டும் பாலிமர் தார் வேண்டும் என்று மதிப்பீடு எழுதினால் என்ன நடக்கும்? விலைப்பட்டியலில் அந்த இனம் இருக்கிறதா என்று கேட்பார்கள். இருந்தாலும், பக்கத்து வார்டு மதிப்பீட்டைவிட ஏன் கூடுதல் என்று தணிக்கைக் குறிப்பு வரும். நேர்மையான பொறியாளர் பயந்து பழைய கலவையையே எழுதிவிடுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மேலிருந்து ஓர் ஆணை வந்தால் அவருக்குத் துணிவு வரும். "இன்னின்ன இடங்கள் வெப்பம் தாக்கும் இடங்கள், அங்கே இந்தத் தரத்துக்குக் குறைந்து போடக் கூடாது" என்ற ஒரு பக்க ஆணை போதும்.

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் வாசுதேவன் நெகிழிக் கழிவைச் சூடான ஜல்லியின் மேல் மெல்லிய பூச்சாக்கி, அதன்பின் தார் கலக்கும் முறையைக் கண்டார். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பூச்சு ஏறிய ஜல்லி தாரை விடாமல் பிடித்துக்கொள்வதால் சூட்டையும் நீரையும் நன்றாகத் தாங்கும். இதைக் குப்பையை ஒழிக்கும் வழியாகவே பேசிப் பேசி, வெயிலைத் தாங்கும் வழியாகப் பார்க்கத் தவறிவிட்டோம் என்பது என் எண்ணம். நம் மண்ணில் பிறந்த முறை. எந்தெந்தச் சாலைக்கு அது பொருந்தும் என்று வெப்பத்தை வைத்து முடிவு செய்யுங்கள்.

ஒப்பந்தங்களைப் பற்றி ஒரு வார்த்தை. இது நான் இருந்த பக்கம் என்பதால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். வெப்ப அலையைப் பேரிடர் என்று அறிவித்துவிட்டோம். நாளைக்கே ஓர் ஒப்பந்ததாரர், "சாலை குழைந்தது இயற்கைப் பேரிடரால், குறைபாட்டுப் பொறுப்புக் காலத்தில் நான் சரிசெய்ய வேண்டியதில்லை" என்று வாதிட்டால் என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்? காற்றின் வெப்பம் இத்தனை டிகிரி வரை போனால் அது எதிர்பார்க்கக்கூடிய கோடையே, அதைத் தாங்கும்படி போடுவது ஒப்பந்ததாரரின் கடமை என்று ஒப்பந்தப் படிவத்திலேயே எண் போட்டு எழுதுங்கள். சென்னை நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவாகியிருக்கிறது. அதைவிடக் குறைவான எண்ணை எழுத நியாயமில்லை. பொள்ளாச்சியில் தொடங்கி நெடுஞ்சாலைத் துறை நடைமுறைப்படுத்தும் செயல்திறன் அடிப்படையிலான பராமரிப்பு ஒப்பந்தங்களில் சாலையைப் பல ஆண்டுகளுக்கு ஒருவரிடமே ஒப்படைக்கிறோம். அந்தச் செயல்திறன் அளவுகோல்களில் கோடைக்கு முன்பும் பின்பும் தடத்தின் ஆழத்தை அளப்பதைச் சேருங்கள். மார்ச் கடைசி அவசர வேலைகளுக்கு ஒரு முடிவு கட்டுங்கள். நிதியாண்டு மார்ச்சில் முடிவதற்கும் கோடை ஏப்ரலில் தொடங்குவதற்கும் நடுவில் நசுங்குவது சாலைதான்.

பாலங்களைச் சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன். 30 மீட்டர் கான்கிரீட் தளம் 30 டிகிரி வேறுபாட்டில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நீண்டு சுருங்கும். அதற்காகத்தான் மேம்பாலங்களில் விரிவு இணைப்புகளை விட்டிருக்கிறோம். அந்த இடைவெளியில் மண்ணும் ஜல்லியும் இறுகிக் கிடந்தால், அல்லது சாலை போடும்போது அதன் மேலேயே தார் ஊற்றி மூடிவிட்டால், தளம் போக இடமில்லாமல் தாங்கியையும் ஓரத்தையும் நெருக்கும். தை, மாசியில் ஒவ்வொரு மேம்பாலத்தின் இணைப்பையும் திறந்து சுத்தம் செய்து பார்ப்பது பெரிய செலவில்லை. ஒரு துடைப்பமும் காற்றழுத்தக் குழாயும் இரண்டு ஆள்களும் போதும்.

மரத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

மதுரையிலிருந்து தெற்கே போகும் பழைய வழியை இன்றும் மங்கம்மாள் சாலை என்று சொல்கிற ஊர்கள் இருக்கின்றன. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் ஆண்ட அந்த அரசியைச் சாலையும் சாவடியும் நிழல்மரமும் வைத்தவர் என்றே மக்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். பிறகு வந்தவர்களும் வைத்தார்கள். அடியில் வெள்ளையடித்து எண் எழுதிய புளியமரங்கள் நெடுஞ்சாலைத் துறையின் சொத்து. ஆண்டுதோறும் புளி ஏலம் போகும். நான்குவழிச் சாலைகளுக்காக அவற்றில் பெரும்பங்கை வெட்டினோம். அகலப்படுத்தாமல் இருந்திருக்க முடியாது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன்; வெட்டிய இடங்களில் நானும் நின்றிருக்கிறேன். ஆனால் மரம் போன இடத்தில் நாம் வைத்தது நடுத்திட்டில் அரளிச்செடி. எதிரே வரும் வண்டியின் விளக்கொளியை மறைக்க அரளி போதும். சாலைக்கு நிழல் தர அதனால் ஆகாது.

சாலைக்காரர்கள் பலருக்கு மரத்தின்மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. இலையிலிருந்து சொட்டும் நீர் தளத்தைக் கெடுக்கும், வேர் ஓரத்தைத் தூக்கும், வண்டி மோதினால் உயிர் போகும் என்பார்கள். மூன்றும் உண்மை. அதனால் விளிம்பிலேயே வைக்க வேண்டாம். கையகப்படுத்திய நிலத்தின் வெளி ஓரத்தில், குறிப்பாக மேற்குப் பக்கத்தில், பிற்பகல் வெயில் சாலையில் விழாதபடி புங்கன், வேம்பு, புளி என்று வைக்கலாம். மாநிலச் சாலைகளிலும் ஊராட்சி ஒன்றியச் சாலைகளிலும் இடம் இருக்கிறது. நிழலில் கிடக்கும் தளத்துக்கும் வெட்டவெளியில் கிடக்கும் தளத்துக்கும் சூட்டில் எவ்வளவு வித்தியாசம் என்று அறிய கருவி வேண்டாம்; செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டிலும் நின்று பார்த்தால் போதும். மரத்தைச் சாலையின் உறுப்பாக, கைகாட்டிப் பலகை, தடுப்புக்கம்பிபோல, மதிப்பீட்டிலேயே எழுதுங்கள். வனத்துறையின் கன்று நடும் விழாவுக்கு மட்டும் விட்டுவிடாதீர்கள். விழாவில் நட்ட கன்றுக்கு இரண்டாவது கோடையில் தண்ணீர் ஊற்ற ஆள் இருப்பதில்லை.

பேருந்து நிறுத்தமும் போக்குவரத்துக் கட்டுமானம்தான். துருப்பிடிக்காத எஃகில் கூரை, எஃகில் இருக்கை, முதுகுப்பக்கம் விளம்பரப் பலகை. மதியம் 2 மணிக்கு அதில் யாரும் உட்கார முடியாது. பக்கத்துக் கடையின் ஓலைப்பந்தலிலோ மின்கம்பத்தின் மெல்லிய நிழலிலோ வரிசையாக நிற்பார்கள். கட்டணமில்லாப் பயணத்தால் பேருந்தை நம்பத் தொடங்கிய பெண்கள்தான் அந்த வரிசையில் அதிகம். காற்று போகும் பின்புறம், சூடேறாத கூரை, மேற்கு வெயிலை மறைக்கும் தட்டி இவை மூன்றும் இல்லாத நிழற்குடைக்கு இனி அனுமதி இல்லை என்று சொல்ல என்ன தடை?

இவற்றையெல்லாம் செய்யப்போகிறவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். 140, 150 டிகிரிக் கலவைக்குப் பக்கத்தில், மேலே 40 டிகிரி வெயிலில், காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு மட்டம் தட்டும் ஆண்களையும் பெண்களையும் ஆயுள் முழுவதும் பார்த்திருக்கிறேன். கேரளத்தில் கோடைதோறும் நண்பகல் 12 முதல் 3 வரை திறந்தவெளி வேலைக்குத் தொழிலாளர் துறை தடை போடுகிறது. சாலைப் பணிகளுக்காவது இங்கும் அப்படி ஓர் ஆணை வர வேண்டும். அந்த நேரத்துக்கான கூலி பிடிக்கப்படக் கூடாது என்பதையும் அதிலேயே எழுத வேண்டும். இல்லையென்றால் ஆணை காகிதத்தில் இருக்கும், ஆள் வெயிலில் இருப்பார்.

நாம் வெயிலுக்குப் பழகியவர்கள், நமக்கு ஒன்றும் ஆகாது என்று பேசுபவர்கள் உண்டு. 2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தில் முதன்முறையாக 40 டிகிரி தாண்டியது, கோனிங்ஸ்பியில் 40.3. முந்தைய நாள் லூட்டன் விமான நிலையத்தின் ஓடுபாதை மேற்பரப்பு எழும்பி விமானங்கள் நின்றன. லண்டனிலிருந்து வடக்கே போகும் முக்கிய ரயில் பாதையில் வண்டிகளை நிறுத்தினார்கள். அங்கே தண்டவாளத்தை முடுக்குவது 27 டிகிரிக் கணக்கில். நமக்கு அது சிரிப்பாக இருக்கலாம். ஆனால் பாடம் வேறு. எந்தக் கட்டுமானமும் தனக்கென்று வைத்த எண்ணைத் தாண்டும்போது உடையும். அவர்களுடையது 40இல் உடைந்தது. நம்முடையது எதில் உடையும் என்பதை நாம் எழுதி வைக்கவே இல்லை. அவர்கள் ஆபத்தான இடங்களில் தண்டவாளத்துக்கு வெள்ளை அடித்து 5 முதல் 10 டிகிரி வரை குறைக்கிறார்கள். லண்டனின் ஹாமர்ஸ்மித் பாலத்தின் சங்கிலிகளை வெயில் தாக்காதபடி வெள்ளித்தாளில் பொதிந்து காத்தார்கள். எளிய வேலைகள். அளந்து பார்த்ததால்தான் செய்யத் தோன்றியது.

பணம் எங்கே என்று கேட்பார்கள். 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு 15ஆவது நிதி ஆணையம், மாநிலப் பேரிடர் நிதியில் 20 விழுக்காட்டைத் தணிப்புப் பணிக்கென்றே தனியாகப் பிரித்து வைத்தது. பேரிடர் வந்தபின் கொடுப்பது நிவாரணம்; வருமுன் செலவிடத்தான் தணிப்பு நிதி. வெப்பத்தைப் பேரிடராக அறிவித்த மாநிலம் அந்தத் தலைப்பில் வெப்பமானிக்கும் நிழலுக்கும் பாலிமர் தாருக்கும் பங்கு கேட்பதில் தவறில்லை.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். நெடுஞ்சாலைத் துறை, நகராட்சி நிர்வாகத் துறை, ஊரக வளர்ச்சித் துறை, போக்குவரத்துத் துறை ஆகிய நான்கிடமும் 40ஆவது பிரிவின்படி வெப்பத்துக்கான தனித் திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு கோட்டத்திலும் வெப்பம் தாக்கும் சிக்னல், நிறுத்தம், ஏற்றம், மேம்பாலம் எவை என்று பட்டியல் கேளுங்கள். அவற்றில் சில இடங்களிலாவது தளத்துக்குள் வெப்பமானி பதித்து, எந்த எண்ணுக்கு மேல் போனால் கனரக வண்டிகளைப் பகலில் திருப்பிவிடுவது, எந்த எண்ணுக்கு மேல் போனால் மறுநாள் காலை பொறியாளர் நேரில் போய்த் தடம் அளப்பது என்று முடிவு செய்யுங்கள். தெற்கு ரயில்வேயோடு உட்கார்ந்து, அவர்களுடைய தண்டவாள வெப்ப அளவுகளை மாவட்ட ஆட்சியர்களோடு தினமும் பகிரச் செய்யுங்கள். இரும்பு சுடும் நாளில் தாரும் சுடும்.

அக்னி நட்சத்திரம் மே முதல் வாரத்தில் தொடங்கும். அதற்கு முன்பாக இந்தத் திட்டங்கள் தமிழில், சாலை ஆய்வாளரும் கேங் மேஸ்திரியும் படித்துப் புரிந்துகொள்ளும் மொழியில் வெளியாக வேண்டும். எந்தக் கோட்டத்தில் முதல் வெப்பமானி பதிக்கப்படும், எந்தத் தேதியில் என்ற பதிலை எதிர்பார்த்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற சாலைப்பணி மேற்பார்வையாளர்,
ஜோலார்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டம்.